ஆர்சனலுக்குப் போகாமல் நாகா மலைக்குத் திரும்பிய டாக்டர் கேப்டன் (நீண்ட திரெட்)

1/
போன வாரம் ஒரு சாயங்காலம். மூங்கில்துறைப்பட்டில் என் கிளினிக். வெளியே கரும்பு டிராக்டர் வரிசை, உள்ளே காய்ச்சல், சளி, சர்க்கரை என்று வழக்கமான கூட்டம். அப்பா தோளைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் காலில் நொண்டிக்கிட்டே ஒரு பையன் வந்தான். பிளஸ் ஒன். அரசுப் பள்ளி. ஊர் கல்வராயன் மலை மேல.

2/
வலது கணுக்கால் ஆரஞ்சுப் பழம் மாதிரி வீங்கியிருந்தது. "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டேன். பையன் வாயைத் திறக்கிறதுக்குள்ள அப்பா முந்திக்கிட்டார். "பந்து சார். எப்பப் பார்த்தாலும் பந்து. புக்கைத் தொடறதே இல்ல."

3/
பரிசோதிச்சுப் பார்த்து, எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தேன். கிளம்பறப்ப அவர் திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்டார். "நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லிடுங்க சார். இவன் பந்து ஆடட்டுமா, நீட்டுக்குப் படிக்கட்டுமா? டாக்டராவணும்னும் சொல்றான், பந்தையும் விட மாட்டேங்கிறான். ரெண்டும் நடக்குமா?"

4/
அந்த நேரத்தில் எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்தார். அவரைப் பற்றி அஞ்சு நிமிஷம் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் மனசை விட்டுப் போகல. அந்த அஞ்சு நிமிஷக் கதையைத்தான் இப்போ உங்களுக்கு முழுசாச் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

5/
அவர் பெயர் டாக்டர் தலிமெரன் ஆவ். சுருக்கமாக டி. ஆவ். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குக் கேப்டன். அதே 1948 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம்ம தேசியக் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவரும் அவரே. ஆடிய இடம் நடுக்களம். அப்போது அவர் படித்துக்கொண்டிருந்தது எம்.பி.பி.எஸ்.

6/
ஹாக்கியில் தயான்சந்த் பெயர் தெரியாதவர் கிடையாது. ஆனால் டி. ஆவ் என்று சொன்னால் "யாரு?" என்றுதான் கேட்போம். நானும் அப்படித்தான். மருத்துவக் கல்லூரியில் இருந்த அத்தனை வருஷமும் இவர் பெயரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

7/
பிறந்தது 1918 ஜனவரி 28. ஊர் சாங்க்கி. அன்றைய நாகா மலை மாவட்டம், இன்றைய நாகாலாந்தின் மோகோக்சுங் மாவட்டம். அப்பா கிறிஸ்தவப் போதகர். பெரிய குடும்பம், 12 பிள்ளைகள். கடையில் வாங்கிய பந்தெல்லாம் அந்த மலையில் ஏது? கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை உதைத்துத்தான் ஆட்டம் பழகினார் என்று சொல்வார்கள்.

8/
நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இது புதுசு இல்லை. தென்பெண்ணை மணலில் பேப்பரைச் சுருட்டி, மேலே பாலிதீன் சுற்றி, சைக்கிள் டியூபை அறுத்து ரப்பர் மாட்டி ஆடின தலைமுறை இங்கே இன்னும் உயிரோடுதான் இருக்கு.

9/
1935-ல் அப்பா இறந்துபோனார். பையனுக்கு அப்போ 17 வயசு. அப்பாவின் கடைசி ஆசை, மகன் டாக்டராகித் தன் மக்களுக்கு வைத்தியம் பார்க்கணும் என்பது. அந்தக் காலத்து நாகா மலையில் டாக்டர் என்பவர் எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்க. ஒரு காய்ச்சல் வந்தால் மலையை விட்டு இறங்கணும். இறங்கி முடிக்கிறதுக்குள்ள பாதிப் பேர் கதை முடிஞ்சிடும்.

10/
மலையை விட்டு இறங்கி அஸ்ஸாமில் படிப்பு. அடுத்து கவுகாத்தி காட்டன் கல்லூரி. அங்கே மஹாரானா கிளப்புக்காக ஆடினார். படிப்பும் பந்தும் ஒண்ணாவே வளர்ந்தன. 1942-ல் கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்றைக்கு ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று நாம் சொல்வது அதைத்தான்.

11/
அவர் போய்ச் சேர்ந்த கல்கத்தா எப்படி இருந்தது தெரியுமா? 1942 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 1943-ல் வங்கப் பஞ்சம். 20 முதல் 30 லட்சம் பேர் செத்திருக்கலாம் என்பது கணக்கு. தெருவோரத்தில் கஞ்சிக்குக் கையேந்தியவர்கள் அப்படியே விழுந்து இறந்த காலம். 1944-ல் போர் அவர் சொந்த மலைக்கே வந்தது. கோஹிமாவில் மாசக்கணக்கில் சண்டை. 1946 ஆகஸ்டில் கல்கத்தா கலவரம்.

12/
ஒரு மருத்துவ மாணவன் எட்டு வருஷம் அந்த நகரத்தில் வாழ்ந்திருக்கிறார். நாம் கொரோனா இரண்டாம் அலையில் ரெண்டு மாசம் பார்த்ததையே இன்னும் மறக்க முடியல. அவர் வார்டில் என்னவெல்லாம் பார்த்திருப்பார்?

13/
அந்தக் காலத்திலேயே, 1943-ல், மோகன் பகான் அணியில் சேர்ந்தார். மோகன் பகான் சாதாரண கிளப் இல்லை. 1911 ஜூலை 29-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் ஆங்கிலேயப் படையணியான ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்திய கிளப். அன்றைக்கு ஆடிய 11 பேரில் பூட்ஸ் போட்டிருந்தது ஒருத்தர் மட்டும். அப்படிப்பட்ட கிளப்புக்கு மலையிலிருந்து வந்த இந்த மருத்துவ மாணவர் பிறகு கேப்டனாகவும் ஆனார்.

14/
இங்கே ஒரு சின்ன விளக்கம். கால்பந்து பார்க்காதவர்களுக்கு.

அந்தக் காலத்து அணி வகுப்பு 2-3-5. பின்னால் 2 பேர், நடுவில் 3 பேர், முன்னால் 5 பேர். நடுவில் நிற்கும் மூணு பேருக்கு 'ஹாஃப் பேக்' என்று பெயர். இன்றைக்கு நாம் மிட்ஃபீல்டர் என்கிறோமே, அந்த வேலை. ஆவ் ஆடியது அந்த நடு வரிசையில். எதிரி முன்னேறினால் தடுக்கணும், பந்து கிடைத்தால் முன்னால் நிற்பவன் காலுக்குக் கொண்டு சேர்க்கணும்.

15/
கோல் போட்டவன் பெயர் பேப்பரில் வரும். கோலைத் தடுத்த கீப்பர் பெயரும் வரும். நடுவில் 90 நிமிஷம் ஓடினவன் பெயர் பெரும்பாலும் வராது.

எங்க தொழிலில் இதே இடம் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு. பாம்புக்கடியோடு ராத்திரி ரெண்டு மணிக்கு வருபவரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கிட்டு, முதல் ஊசியைப் போட்டு, 108-ல் ஏற்றி சரியான நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு 'பாஸ்' கொடுப்பது அவர்தான். மாலை விழுவது வேற இடத்தில்.

16/
சரி, 1948-க்கு வருவோம்.

1936 பெர்லினுக்குப் பிறகு 12 வருஷம் ஒலிம்பிக்கே நடக்கவில்லை. போர் முடிந்த லண்டனில் சாப்பாட்டுக்கு ரேஷன். புதுசாக மைதானம் கட்டக்கூடக் காசில்லை. ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அழைப்பு இல்லை. அந்த ஒலிம்பிக்கில்தான் இந்தியா முதல்முறை சுதந்திர நாடாகக் கலந்துகொண்டது. கொடி இறங்கி, கொடி ஏறி, ஒரு வருஷம்கூட ஆகல.

17/
ஜூலை 29, வெம்ப்ளி மைதானம். மூவர்ணக் கொடியோடு நடந்தவர் ஒரு நாகா இளைஞர். நாகா மலையில் 'நாம் இந்தியாவோடு இருப்பதா, தனியாக இருப்பதா' என்பதே பெரிய கேள்வியாக எரிந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கொடி அவர் கையில் இருந்ததை வெறும் விளையாட்டுச் செய்தி என்று நான் கடந்து போக மாட்டேன்.

18/
ஜூலை 31. லண்டனின் இல்ஃபோர்டில் கிரிக்கிள்ஃபீல்டு மைதானம். எதிரே பிரான்ஸ். பயிற்சியாளர் பலாய்தாஸ் சாட்டர்ஜி. துணைக் கேப்டன் சைலன் மன்னா. நம்ம 11 பேரில் 8 பேர் வெறுங்கால்!

19/
இங்கேதான் வாட்ஸ்அப் கதைகள் ஆரம்பிக்கும். "ஏழை நாடு, பூட்ஸ் வாங்கக் காசில்லை" என்று ஒரு ஃபார்வர்டு சுத்தும். உண்மை அது இல்லை. நம்ம ஆட்டக்காரர்கள் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். பந்து தோலில் படும்போதுதான் கட்டுப்பாடு வரும் என்பது அவர்கள் அனுபவம். விரும்பித்தான் அப்படி ஆடினார்கள்.

20/
இங்கிலாந்து அரசர் ஒரு ஆட்டக்காரரைக் கூப்பிட்டு, "கால் என்ன இரும்பா?" என்று பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. கேட்க நல்லா இருக்கும். கதையாகவே வைத்துக்கொள்வோம்.

21/
டாக்டராக ஒரு வரி சொல்லிடறேன். கால் இரும்பெல்லாம் கிடையாது. வெறுங்காலில் ஈர மண்ணில் திரிகிறவர்களுக்கு, அந்த மண்ணில் கொக்கிப்புழு இருந்தால், அதன் குட்டிப் புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். 'பையன் சோர்வா இருக்கான், முகம் வெளுத்திருக்கு' என்று கூட்டி வரும் பல பிள்ளைகளுக்குக் காரணம் இந்தப் புழுதான். ஆணி, முள் குத்தினால் டெட்டனஸ். எனவே அந்தக் காலத்தை ரசியுங்க, பிள்ளைக்குச் செருப்பு மாட்டி விடுங்க. பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை வீணாக்காதீங்க.

22/
ஆட்டத்துக்கு வருவோம். முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு கோல். இந்தியாவுக்கு ரெண்டு பெனால்டி கிடைத்தும் ரெண்டும் வீண். இப்படிப்பட்ட நாளில் கேப்டன் மனநிலை எப்படி இருக்கும்? ஆனால் அணி உடையவில்லை. 70-வது நிமிஷத்தில் சமன். கோல் போட்டவர் பெங்களூர் ஆட்டக்காரர். பெயர் சாரங்கபாணி ராமன்.

23/
பெயரைக் கேட்டதும் கும்பகோணம் கோயில் வாசல் ஞாபகம் வருதா? ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் இந்த ராமன் போட்டது.

இன்னொரு ஆச்சரியம். ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசி கோல் 1960 ரோமில், பெரு அணிக்கு எதிராக. போட்டவர் நம்ம ஊர் சைமன் சுந்தரராஜ். முதல் கோல் ராமன், கடைசி கோல் சுந்தரராஜ். 1960-க்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் வாசலை மிதிக்கவே இல்லை. இதைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை.

24/
70-வது நிமிஷத்தில் 1-1. இன்னும் 20 நிமிஷம். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், 89-வது நிமிஷத்தில், பிரான்ஸ் இன்னொரு கோல். 2-1. நாம் வெளியே.

அந்த ரெண்டு பெனால்டியில் ஒண்ணு உள்ளே போயிருந்தால்கூட... சரி, விடுங்க. நம்ம ஊர் டீக்கடையில் இன்னிக்கும் இதைப் பேசினால் விடிய விடியப் பேசலாம்.

25/
தோற்ற அணிக்கு மைதானத்தில் இருந்த ஆங்கிலேய ரசிகர்கள் கைதட்டினார்கள். நிருபர்கள் வெறுங்காலைப் பற்றிக் கேட்டபோது, "நாங்க ஆடறது ஃபுட்பால், நீங்க ஆடறதுதான் பூட்பால்" என்ற அர்த்தத்தில் கேப்டன் ஆவ் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார் என்பார்கள். ஒலிம்பிக் முடிந்து ஐரோப்பாவில் சில ஆட்டங்கள் ஆடினார்கள். ஹாலந்தில் ஆயாக்ஸ் கிளப்பை 5-1 என்று அடித்தார்கள். ஆமாங்க, அதே ஆயாக்ஸ்தான்.

26/
(வெறுங்கால் ஆட்டத்துக்கு முடிவு கட்டியது அடுத்த ஒலிம்பிக். 1952 ஹெல்சிங்கி. அந்தக் குளிரில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று அடித்தது. அதற்குப் பிறகுதான் இங்கே பூட்ஸ் கட்டாயமானது. பழக்கம் எவ்வளவு பெருமையானதாக இருந்தாலும், களம் மாறினால் மாத்திக்கத்தான் வேணும்.)

27/
இப்போ கதையின் முக்கியமான இடம்.

ஆவ் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஆர்சனல் கிளப் ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு அவரை அழைத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. சாதாரண ஆர்சனல் இல்லை. 1947-48 சீசனில் இங்கிலாந்து லீக் பட்டத்தை ஜெயித்த ஆர்சனல். ஆவ் மறுத்துவிட்டார். காரணம், எம்.பி.பி.எஸ். இன்னும் முடியல.

28/
இதையும் வாட்ஸ்அப் கண்ணாடி போட்டுப் பார்க்காதீங்க. "கோடிகளை உதறிய தியாகி" என்று எழுதினால் லைக் வரும். ஆனால் அன்றைக்கு இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டக்காரருக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது. சீசனில் வாரத்துக்கு 12 பவுண்டுதான் அதிகபட்சம். அந்த உச்சவரம்பே 1961-ல்தான் எடுக்கப்பட்டது. கோடியெல்லாம் அப்போது யாருக்கும் இல்லை.

29/
அவர் விட்டது வேற. பெயர், மேடை, லண்டன். 'ஆர்சனலுக்கு ஆடிய இந்தியர்' என்று வரலாற்றில் ஒரு வரி. 30 வயசில் ஒரு ஆட்டக்காரனுக்கு அப்படி ஒரு கதவு திறந்தால், அது திரும்ப ஒரு தரம் திறக்காது. அது தெரிந்துதான் "வேண்டாம்" என்றார். இன்னொரு பக்கம் 1935-லிருந்து ஒரு கடன் நின்றுகொண்டிருந்தது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு.

30/
1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். கணக்குப் போடுங்க. சேர்ந்தது 1942, முடித்தது 1950. எட்டு வருஷம்! டாக்டர் ஆனபோது வயசு 32.

'பிளஸ் டூ முடிச்ச வருஷமே சீட் கிடைக்கலைன்னா வாழ்க்கையே போச்சு' என்று 17 வயசுப் பிள்ளைகளை அழ வைக்கிற பெற்றோர்களே, இந்த ஒரு பதிவை மட்டும் ரெண்டு தரம் படிங்க.

31/
பட்டம் வாங்கினவருக்குக் கல்கத்தாவிலேயே பிராக்டீஸ் பண்ணியிருக்கலாம். மோகன் பகான் கேப்டன் டாக்டராக உட்கார்ந்தால் கிளினிக் வாசலில் கூட்டம் கேட்கணுமா? ஆனால் அவர் மலைக்குத் திரும்பினார். 1950-களின் நாகா மலை என்பது கலவரமும் ராணுவமும் ஊரடங்கும். ரோடு கிடையாது, மருந்து வராது. அங்கே அரசு மருத்துவராக வேலை பார்த்தார். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானது. அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13-ல், 80 வயதில் காலமானார்.

32/
உலகத்தில் டாக்டர் - நடுக்கள வீரர் - கேப்டன் என்று மூணும் சேர்ந்த இன்னொருத்தர் உண்டு. பிரேசிலின் சாக்ரட்டீஸ். 1982 உலகக் கோப்பையில் பிரேசில் கேப்டன். கோப்பையை ஜெயிக்காமலே உலகம் கொண்டாடும் அணி அது. அவரும் முறையாக மருத்துவம் படித்தவர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வைத்தியமும் பார்த்தார். நாட்டில் ராணுவ ஆட்சி நடந்தபோது தன் கிளப்புக்குள் எல்லா முடிவும் ஓட்டெடுப்பில்தான் என்று கொண்டுவந்தவர்களில் ஒருவர்.

33/
ஆனால் சாக்ரட்டீஸ் குடியையும் சிகரெட்டையும் விடவில்லை. கல்லீரல் கெட்டு, கடைசியில் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி, 2011 டிசம்பர் 4-ல் இறந்தார். வயசு 57. டாக்டருக்குத் தெரியாததா? தெரியும். தெரிவது வேற, விடுவது வேற. என்னிடம் வரும் குடி நோயாளிகளை நான் திட்டாமல் இருப்பதற்கு இவரும் ஒரு காரணம்.

34/
அமெரிக்காவில் ரேச்சல் பியூலர் என்று ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். 2008, 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பெண்கள் அணியில் ஆடியவர். ஆட்டத்தை முடித்துக்கொண்டு மருத்துவம் படித்துக் குடும்ப நல மருத்துவரானார். ஆக, 'ரெண்டும் நடக்குமா' என்ற அந்த அப்பாவின் கேள்விக்குப் பதில்: நடக்கும். நேரம் கூடப் பிடிக்கும். வீட்டில் ஒருத்தராவது கூட நிற்கணும்.

35/
இப்போ என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இல்லையென்றால் இந்தத் திரெட் முழுக்கப் பொய்யாகிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதுசில் எனக்கு ஒரு மலை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போஸ்டிங். எந்த ஊர் என்று சொல்லல, விடுங்க. மழை வந்தால் பஸ் வராது. செல்போன் டவர் பாறை மேல ஏறினால்தான் கிடைக்கும். சேர்ந்த முதல் வாரமே காலண்டரில் நாளை அடிக்க ஆரம்பித்தேன். 11-வது மாசம் மாறுதல் வாங்கிட்டேன்.

36/
கிளம்பின அன்னிக்கு ஒரு பாட்டி. மாசா மாசம் பிரஷர் மாத்திரைக்கு வருபவர். பையைப் பார்த்துட்டு, "நீயும் போறியா சாமி?" என்று கேட்டார்.

கோபமெல்லாம் இல்ல. எனக்கு முன்னாடி எத்தனை டாக்டரை அப்படி வழியனுப்பியிருப்பாரோ. அந்த 'நீயும்' என்ற ஒரு வார்த்தை இன்னிக்கும் என் காதில் இருக்கு.

37/
மலையில் இருக்க முடியாத டாக்டரையெல்லாம் நான் குற்றம் சொல்ல வரல. குடியிருக்க வீடு, பிள்ளை படிக்கப் பள்ளி, ராத்திரியில் ஒரு நர்ஸுக்குப் பாதுகாப்பு, இதெல்லாம் இல்லாமல் தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. இப்பவும் நான் மலையில் இல்லை, அடிவாரத்தில்தான் இருக்கேன். ஆனால் ஒண்ணு புரிந்தது. வெளியிலிருந்து போகும் என் மாதிரி ஆளுக்கு அது போஸ்டிங். ஆவ் மாதிரி ஆளுக்கு அது ஊர். மலைப் பிள்ளை டாக்டரானால், "நீயும் போறியா" என்று கேட்க வேண்டிய தேவை குறையும்.

38/
அதனால்தான் அந்த நொண்டிக் காலோடு வந்த பையன் எனக்கு முக்கியமாத் தெரியறான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-லிருந்து மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. விளையாட்டு வீரர்களுக்கும் தனி இடங்கள் உண்டு, ஆனால் விரல் விட்டு எண்ணும் அளவுதான். கதவு சின்னதுதான். இருந்தாலும் திறந்திருக்கு.

39/
கதை கேட்டு முடிச்சதும் பையன் ஒரு கேள்வி கேட்டான் பாருங்க. "தோத்துட்டுதானே சார் வந்தாங்க? அப்புறம் எதுக்கு அவரை இன்னும் ஞாபகம் வெச்சிருக்காங்க?"

வடகிழக்கில் அவர் பெயரில் கால்பந்துக் கோப்பை நடக்குது, 2018-ல் அவருக்கு அஞ்சல் தலை வந்தது என்று சொல்லியிருந்தேன். அதுக்குத்தான் இந்தக் கேள்வி.

40/
கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னேன். "தம்பி, லண்டன்ல அவர் ஆடினது 90 நிமிஷம். அதுல தோத்தது நிஜம்தான். ஆனா டாக்டரானதுக்கு அப்புறம் அவர் மருத்துவ சேவையில இருந்தது 28 வருஷம். அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் போர்டு கிடையாது."

அவனுக்கு முழுசாப் புரிஞ்சுதான்னு தெரியல. அவங்க அப்பாவுக்குப் புரிஞ்சது. பையனை ஒரு தரம் வேற மாதிரி பார்த்தார்.

41/
கணுக்கால் விஷயத்துக்கு வருவோம். விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

— கால் பிசகினால் உடனே நீவி விடாதீங்க, எண்ணெய் போட்டு இழுக்காதீங்க. உள்ளே கசியும் ரத்தம் இன்னும் கூடும்.
— துணியில் சுற்றிய ஐஸ் 15-20 நிமிஷம். நேரடியாத் தோலில் வேண்டாம்.
— கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்து ஓய்வு.
— நாலு அடிகூட எடுத்து வைக்க முடியலையா? கணுக்கால் எலும்பைத் தொட்டால் துடிக்குதா? உடனே எக்ஸ்ரே.
— வளரும் வயசில் எலும்பின் வளர்ச்சிப் பகுதியில் அடிபட்டிருக்கலாம். 'சுளுக்குதான்' என்று நீங்களே முடிவு பண்ணாதீங்க.

42/
தம்பிக்கு எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. தசைநார் கிழிசல், லேசானது. மூணு வாரம் பந்து தொடக்கூடாது என்று சொல்லியிருக்கேன். மூஞ்சி சுருங்கிப்போச்சு.

"அந்த மூணு வாரம் என்ன சார் பண்றது?" என்றான்.

நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி அவங்க அப்பா சொன்னார். "பயாலஜி படிடா. கால் சரியானதும் நானே உன்னை கிரவுண்டுல கொண்டு வந்து வுடறேன்."

உங்க வீட்டிலும் இப்படி ஒரு பந்துக்காரன், பந்துக்காரி இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்க.